ஏற்காட்டு மரங்களில் எழுத்து லைக்கன்: கிராஃபிஸ் பேரினத்தை அடையாளம் காண்பது எப்படி?

பிரியாணிக்குப் போடும் கல்பாசி எல்லாருக்கும் தெரியும். சேலம் லீ பஜாரில் எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் பட்டை, கிராம்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தருவார்கள். மேலே சாம்பல் நிறம், அடியில் கருப்பு, விரலால் நசுக்கினால் மொறமொறவென்று உடையும். அது ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழும் உயிர். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும், பூஞ்சை அதற்கு வீடு கட்டிக் கொடுக்கும். லைக்கனுக்கு நாம் வைக்கும் பெயர் அந்தப் பூஞ்சையின் பெயர்தான், பாசிக்குத் தனிப்பெயர் உண்டு. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வகைப்பாடு பேசும்போது குழப்பம் வராது.

கல்பாசியை விளிம்பில் பிடித்து உரித்துவிடலாம், ஏனென்றால் அது இலை வகை. புதர்போல் தொங்கும் வகையும் ஏற்காட்டில் உண்டு. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது. மரப்பட்டையோடு பட்டையாக அப்பிக்கொண்டு, நகத்தால் நெம்பினாலும் வராத ஓட்டு வகை. இதைக் கிரஸ்டோஸ் என்பார்கள். காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்தால் அடிமரங்களில் யாரோ சுண்ணாம்பைத் தெளித்துவிட்டுப் போனதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பெரும்பாலும் அது இந்த ஓட்டு லைக்கன்தான். கிட்டே போய்ப் பாருங்கள். சில திட்டுகளின்மேல் மெல்லிய கருப்புக் கோடுகள் இருக்கும். நேராக, வளைந்து, கிளைத்து, ஒன்றோடொன்று முட்டாமல். ஓலையில் எழுத்தாணியால் கீறிவிட்டு மேலே கரியைப் பூசித் துடைத்தால் எழுத்து எப்படித் துலங்கி நிற்குமோ அப்படி. அதுதான் கிராஃபிஸ். கிரேக்கத்தில் எழுதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். நாங்கள் எழுத்து லைக்கன் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பத்து வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளைத் திட்டைப் படம் எடுத்து, அதன் நிறத்தையும் பரப்பையும் வைத்துப் பெயர் கேட்கிறார்கள். திட்டு உங்களுக்கு அதிகம் சொல்லாது. அந்தக் கருப்புக் கோடுதான் பேசும், அதையும் குறுக்கே வெட்டினால்தான் முழுசாகப் பேசும். இந்தக் கட்டுரை அந்த வெட்டு வரைக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போவதற்காக.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தில் நான் லென்ஸோடு நின்றபோது அங்கே வேலை பார்க்கும் பெரியவர் வந்து, "மரத்துக்குச் சொறி புடிச்சிருக்குதுங்க சார், அருவாள்ல வழிச்சு உட்ரோணும்" என்றார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சொறி இல்லை. கிராஃபிஸ் பட்டையின் மேலடுக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கும், ஆனால் அந்த அடுக்கு ஏற்கெனவே செத்த அடுக்கு. மரத்தின் சாற்றை அது தொடுவதில்லை. அதற்கான சாப்பாட்டை உள்ளேயிருக்கும் பாசியே தயாரிக்கிறது. அரிவாளால் வழித்தால்தான் மரத்துக்குக் காயம். பெரியவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோடு கிழிச்சாப்புல இருக்குதுங்க" என்றார். அந்த வரிசை மரங்களில் இன்றைக்கும் லைக்கன் இருக்கிறது.

கையில் என்ன வேண்டும்

முதலில் ஒரு 10 மடங்கு லென்ஸ். நம் ஊரில் இதற்கு அலையவே வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அதேதான். அப்புறம் ஒரு கூர்மையான பேனாக்கத்தி, பழைய செய்தித்தாள், பென்சில், தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குப் புது ஷேவிங் பிளேடு, கண்ணாடித் தகடுகள், ஒரு மைக்ராஸ்கோப். மைக்ராஸ்கோப் சொந்தமாக வாங்கும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளி, கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கருவியே போதும், மாதிரி காய்ந்தபிறகு மாதக்கணக்கில் கெடாமல் உங்களுக்காகக் காத்திருக்கும்.

எங்கே தேடுவது

அடிவாரத்தில் பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மரங்களின் அடிப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். கீழே வறண்ட காட்டில் திட்டுகள் குறைவு. ஏறஏற, காற்றில் ஈரம் கூடக்கூட, மரம் வெளுத்துக்கொண்டே வரும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும், மழையில்லாத நாளிலும் விடியற்காலை மூடுபனி இறங்கும். லைக்கனுக்கு வேரில்லை. காற்றிலிருந்தும் பட்டையில் வழியும் நீரிலிருந்துமே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஈரமும் சுத்தமான காற்றும் அதற்கு அவ்வளவு முக்கியம்.

கிராஃபிஸுக்கு வழவழப்பான பட்டை பிடிக்கும். இளம் பலா, ஆரஞ்சு, பாக்கு, சோலையில் நாவல் இனங்கள், எந்த மரமானாலும் அதன் இளங்கிளைகள். தோல் உரிக்கும் மரங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கொய்யாவும் யூகலிப்டஸும் பட்டையை உதிர்த்துக்கொண்டே இருப்பதால், வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்கூட வளராத ஓட்டு லைக்கன் அங்கே நிலைகொள்ள முடியாது. ஆழமாக வெடித்த முரட்டுப் பட்டையும் சரிவராது.

நல்ல மாதிரிகள் கிடைக்கும் நாள் எது தெரியுமா? எஸ்டேட்டில் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் நாள். ஏணி வைத்தாலும் எட்டாத உச்சிக் கிளைகள் காப்பிச் செடிகளுக்கிடையே தரையில் கிடக்கும். வெளிச்சம் படும் அந்தக் கிளைகளில் எழுத்து லைக்கன் வரிவரியாக இருக்கும். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் விறகுக்குப் போவதுதான், மரத்துக்கும் காயமில்லை. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் கத்தியை வெளியே எடுக்கக் கூடாது. இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்புத் துறையின் ஆர்க்கிட் பூங்கா மரங்களிலும் லைக்கன்களைப் பார்க்கலாம், அங்கே லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் செய்யவேண்டியது

முதலில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் போதும். பல ஓட்டு லைக்கன்களில் சுரண்டிய இடம் புல்பச்சையாகத் தெரியும். கிராஃபிஸில் பச்சையோடு மஞ்சளோ செம்மஞ்சளோ கலந்திருக்கும். அதன் கூட்டாளிப் பாசியான டிரென்டிபோலியாதான் காரணம். இனத்தால் பச்சைப்பாசி என்றாலும் கேரட்டில் இருக்கும் சாயத்தின் உறவான நிறமிகள் நிறைந்து செம்மஞ்சளாக இருக்கும். ஈரச் சுவர்களிலும் மரங்களிலும் துருப்பிடித்த வெல்வெட் துணிபோல் செம்மஞ்சள் படிவைப் பார்த்திருப்பீர்கள். அது பூஞ்சையோடு சேராமல் தனியாக வாழும் இதே பாசி. ஏற்காட்டில் மழைக்குப் பிறகு கண்ணில் படாமல் போகாது.

அடுத்து லென்ஸ். கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கு பட்டையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போங்கள். கருப்புக் கோடு என்று நினைத்தது கோடு இல்லை என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு பக்கமும் கரை உயர்ந்து நடுவில் கீறல் ஓடும் ஒரு நீண்ட பழ உறுப்பு அது. பூஞ்சையின் ஸ்போர்கள், அதாவது விதைபோல் பரவி இனம் பெருக்கும் நுண்துகள்கள், உருவாகும் இடம். இதற்கு லிரெல்லா என்று பெயர், உழவோடு சேர்ந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நமக்குச் சால் என்ற நல்ல சொல் இருக்கிறது, இனி அதையே வைத்துக்கொள்வோம். சாலின் இரண்டு கரைகளுக்கும் உதடு என்று பெயர்.

இப்போது இந்த வரிசையில் பாருங்கள், பார்த்ததை உடனே எழுதுங்கள். சால் பட்டையில் புதைந்திருக்கிறதா, மேலே எழும்பி நிற்கிறதா? கிளைக்கிறதா? உதடுகள் மூடியிருக்கின்றனவா, விரிந்து உள்ளே தட்டு தெரிகிறதா? கருப்பு முழுசாகத் தெரிகிறதா, அல்லது பக்கவாட்டில் லைக்கனின் வெள்ளை உடல் ஏறிவந்து தலைப்பக்கம் மட்டும் கருப்பாக இருக்கிறதா? கடைசியாக, உதடு ஒரே வழவழப்பாக இருக்கிறதா, நெடுக்காக வரிப்பள்ளங்கள் ஓடுகின்றனவா? வரி ஓடிய உதடு பார்க்க அழகு. சால் வளரும்போது உள்ளே புதிது புதிதாக அடுக்கு உண்டாகி, பழைய அடுக்கை வெளியே தள்ளுவதால் வருவது அது. உதட்டில் வரி உண்டா இல்லையா என்பது இனம் பிரிப்பதில் பெரிய அடையாளம், ஆகவே ஒரு சாலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இளஞ்சாலில் வரி தெரியாமல் போகலாம். நன்கு முற்றிய ஐந்தாறு சால்களையாவது பாருங்கள்.

கிராஃபிஸ்போலவே தெரியும் சொந்தக்காரர்களும் அதே மரத்தில் இருப்பார்கள். சால் அகலமாகத் திறந்து, பழுப்புக் கருப்புத் தட்டு நன்றாகத் தெரிந்தால் ஃபேயோகிராஃபிஸாக இருக்கலாம். அகன்ற தட்டின்மேல் திருநீறு பூசியதுபோல் வெள்ளைப்பொடி படிந்து, கருப்பே தெரியாவிட்டால் டயோரிக்மாவைச் சந்தேகியுங்கள். பட்டை வெடித்த கீறல்போல் மட்டும் இருந்து கருப்பு உதடே இல்லையென்றால் ஃபிசுரினா. பல சால்கள் ஒரே வெள்ளை மேட்டுக்குள் நட்சத்திரம்போல் கூடிக் கிடந்தால் சார்க்கோகிராஃபா. இவை எல்லாம் கிராஃபிடேசி என்ற ஒரே குடும்பம். ஓபிகிராஃபா மட்டும் வேறு. கருப்புச் சால், நடுவில் கீறல் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் அது ஆர்த்தோனியோமைசீட்ஸ் என்ற வேறு வகுப்பையே சேர்ந்தது. லென்ஸால் இதைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம், மைக்ராஸ்கோப் அதைத் தீர்த்துவைக்கும்.

எடுத்து வருவது

ஓட்டு லைக்கனைப் பட்டையோடுதான் எடுக்க முடியும். கீழே விழுந்த கிளையிலிருந்து கட்டைவிரல் நகம் இரண்டு அளவுக்குப் பட்டையைச் சீவினால் போதும். நிற்கும் மரத்தில் சீவவே வேண்டாம் என்பது என் முறை.

காய்ந்த நாளில் எடுங்கள். முதல் வருஷம் நவம்பர் மழையில் நனைந்துகொண்டே சேகரித்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவந்தேன். இரண்டே நாளில் பதினோரு மாதிரியும் வெள்ளைப் பூசணம் பூத்துப் போயின. ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றிலிருந்து செய்தித்தாள் பொட்டலம்தான். ஈரமாக இருந்தால் நிழலில் ஃபேனுக்குக் கீழே பிரித்துவைத்து உலர்த்த வேண்டும். பொட்டலத்தின்மேல் பென்சிலால் அங்கேயே எழுதுங்கள்: தேதி, இடம், உயரம், எந்த மரம், அடிமரமா கிளையா, வெயிலா நிழலா, உங்கள் வரிசை எண். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் ஒரு இலையையும் சேர்த்து வையுங்கள்.

வெட்டிப் பார்ப்பது

இதில் அவசரம் ஆகாது. முற்றிய சால் ஒன்றின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிஷம் ஊறவிடுங்கள். காய்ந்த சால் கரித்துண்டுபோல் நொறுங்கும், ஊறினால்தான் வெட்டுக்கு நிற்கும். பிளேடைச் சாலுக்குக் குறுக்காக, வெண்டைக்காய் நறுக்குவதுபோல் வைத்து, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாகச் சீவுங்கள். முதல் பத்து வெட்டு தடிமனாகத்தான் வரும். பத்தும் வீணாகட்டும். அதில் ஒன்று தற்செயலாக ஒரு ஓரத்தில் மெலிந்திருக்கும், அந்த ஓரம் போதும். ஊசி முனையால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தண்ணீர்ச் சொட்டில் போட்டு மூடுங்கள்.

குறைந்த உருப்பெருக்கத்தில் முதலில் பார்க்கவேண்டியது சாலின் சுவர். அது கருகியிருக்கும், உண்மையிலேயே கரிபோல் கருப்பு. கருப்பு எதுவரை போகிறது என்பதுதான் கேள்வி. சில இனங்களில் உதட்டு நுனி இரண்டும் மட்டும் கருத்திருக்கும். சிலவற்றில் இரண்டு பக்கச் சுவரும் கருத்து அடிப்பக்கம் வெளிறிக் கிடக்கும். சிலவற்றில் அடியும் சேர்ந்து கருத்து, நம் 'ப' எழுத்தை அப்படியே மையால் எழுதிவைத்ததுபோல் தெரியும். முதன்முதலாக அந்த 'ப' மைக்ராஸ்கோப்பில் தெளிந்து வந்த சாயங்காலம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இந்த மூன்று நிலைகளில் எது என்பதும், உதட்டில் வரி உண்டா என்பதும் கையிலிருந்தால் கிராஃபிஸ் இனங்களில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம்.

சுவருக்கு நடுவில் நிறமற்ற படலம் இருக்கும். ஸ்போர்ப் பைகள் நிற்கும் இடம். அது தெளிவாக இருக்கிறதா, எண்ணெய்த் துளிகள் கலந்து மங்கலாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 40 மடங்கு லென்ஸுக்கு மாற்றி ஸ்போரைத் தேடுங்கள். கிராஃபிஸ் ஸ்போர் நிறமில்லாதது, நீளமானது, குறுக்கே தடுப்புகள் கொண்டது. அறைகள் ஒவ்வொன்றும் பருப்புபோல், லென்ஸ் வடிவில் இருக்கும். தடுப்புகளை எண்ணி எழுதுங்கள். சில இனங்களில் குறுக்குத் தடுப்போடு நெடுக்குத் தடுப்பும் சேர்ந்து, ஸ்போர் செங்கல் கட்டுபோல் தெரியும். ஸ்போர் பழுப்பாக இருந்தால் அது முற்றி அழுகிய பழசா, இயல்பே பழுப்பா என்று வேறு சால்களிலும் பாருங்கள். எல்லாவற்றிலும் பழுப்பு என்றால் ஃபேயோகிராஃபிஸ் பக்கம் போய்விட்டீர்கள்.

புது வெட்டு ஒன்றில், பள்ளியில் மாவுச்சத்துக்குச் செய்வோமே, அதே அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். கிராஃபிஸின் முற்றிய ஸ்போர்கள் ஊதாநீலமாக மாறும். ஓபிகிராஃபாவின் ஸ்போர் அப்படி மாறாது, அறைகளும் பருப்பு வடிவில் இருக்காது. மரத்தடியில் தீராத சந்தேகம் இங்கே தீர்ந்துவிடும்.

கடைசியாக வேதிச் சோதனை. பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை வெட்டின் ஓரத்தில் விடுங்கள். முதலில் மஞ்சளாகி, பிறகு ரத்தச் சிவப்பாக மாறி, மைக்ராஸ்கோப்பில் சிவப்பு ஊசிகள் முளைப்பது தெரிந்தால் நார்ஸ்டிக்டிக் அமிலம் என்ற லைக்கன் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளோடோ ஆரஞ்சோடோ நின்றால் ஸ்டிக்டிக் அமிலமாக இருக்கலாம். எதுவுமே நடக்காத இனங்களும் நிறைய. இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கும், மைக்ராஸ்கோப் லென்ஸையும் கெடுக்கும். கையுறை போடுங்கள், சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். இருட்டறையில் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கை மாதிரியின்மேல் காட்டிப் பார்ப்பதும் நல்லது. லைக்சாந்தோன் என்ற பொருள் உள்ள ஒருசில இனங்கள் பளிச்சென்று மஞ்சளாக ஒளிரும்.

பெயர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன

பழைய பட்டியல்களைப் பிரித்தால் தலை சுற்றும், அதனால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1753இல் லின்னேயஸ் எல்லா லைக்கன்களையும் ஒரே பேரினத்தில் போட்டு, இதற்கு லைக்கன் ஸ்கிரிப்டஸ் என்று பெயர் வைத்தார். 1763இல் அடான்சன் கிராஃபிஸ் என்ற பேரினத்தைத் தனியாகப் பிரித்தார். லின்னேயஸின் மாணவர் அக்கேரியஸ் 1809இல் அந்த இனத்தைக் கிராஃபிஸ் ஸ்கிரிப்டா ஆக்கினார். வெப்பநாட்டு இனங்கள் ஐரோப்பியர் கண்ணில் பட்ட வழிதான் எனக்குப் பிடித்தது. மருந்துக்காகக் கப்பலில் வந்திறங்கிய சிங்கோனா முதலிய பட்டைகளின்மேல் ஒட்டியிருந்த லைக்கன்களைப் பிரான்சின் ஃபீ என்ற மருந்தியலாளர் ஆராய்ந்து 1824இல் வெளியிட்டார். காய்ச்சல் மருந்தோடு கூடவே வந்த எழுத்துகள்!

1880களில் முல்லர் ஆர்கோவியென்சிஸ் ஒரு சுலபமான ஏற்பாடு செய்தார். ஸ்போர் நிறமற்றதா பழுப்பா, தடுப்பு குறுக்கே மட்டுமா செங்கல் கட்டா? இரண்டு கேள்வி, நான்கு அறை. கிராஃபிஸ், கிராஃபினா, ஃபேயோகிராஃபிஸ், ஃபேயோகிராஃபினா. அஞ்சறைப் பெட்டிபோல் எடுக்கவும் போடவும் வசதி, நூறு வருஷத்துக்குமேல் ஓடியது. ஆனால் கடுகும் மிளகும் உருண்டையாக இருப்பதால் ஒரே அறையில் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரே மாதிரிச் சால், ஒரே மாதிரிச் சுவர் உள்ள சொந்தங்கள் ஸ்போர்த் தடுப்பால் பிரிந்து வேறுவேறு அறைக்குப் போயின. 2002இல் ஜெர்மனியின் பெட்டினா ஸ்டைகர் சால், சுவர், ஸ்போர், வேதிப்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக் குடும்பத்தையே மறுபடி அடுக்கினார். கிராஃபினாவின் பல இனங்கள் கிராஃபிஸுக்கு வந்துசேர்ந்தன. 2009இல் உலகின் 330 கிராஃபிஸ் இனங்களுக்கும் ஒரு திறவுகோல், அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயருக்குப் போய்ச்சேரும் பட்டியல், வெளியானது. டிஎன்ஏ ஆராய்ச்சி வந்தபிறகு இன்னொரு பிரிவினை. தடித்த, எழும்பிய சால்கள் கொண்ட இனங்களில் பல தனிக் கிளை என்று தெரிந்து, அல்லோகிராஃபா என்ற பழைய பெயரின்கீழ் 2018இல் தனியாகக் குடிவைக்கப்பட்டன. ஒரே லைக்கன் பழைய பட்டியலில் கிராஃபினா அக்கேரி, அப்புறம் கிராஃபிஸ் அக்கேரி, இன்று அல்லோகிராஃபா அக்கேரி என்று இருப்பது இதனால்தான்.

மேல்மட்ட வகைப்பாட்டில் சண்டை குறைவு. ஆஸ்கோமைகோட்டா தொகுதி, லெகனோரோமைசீட்ஸ் வகுப்பு, கிராஃபிடேசி குடும்பம்.

இன்னொன்று. கருப்புக் கோட்டைப் பார்த்ததும் கிராஃபிஸ் ஸ்கிரிப்டா என்று எழுதிவிடாதீர்கள். பேரினத்துக்கே அடையாளமாக வைக்கப்பட்ட இனம் என்பதால் அந்தப் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் அது வடக்கே குளிர்நாட்டு மரங்களின் இனம். சேர்வராயன் மலையில் நம் கையில் கிடைப்பது வேறு ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெயர்ச்சீட்டு

பார்த்ததையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள் வையுங்கள். உதடு, சுவர், படலம், ஸ்போரின் நீளஅகலம், தடுப்புகளின் எண்ணிக்கை, அயோடின், ஹைட்ராக்சைடு. இனம் வரை போக முடியாவிட்டால் 'கிராஃபிஸ், இனம் முடிவாகவில்லை' என்று எழுதுங்கள். என் அலமாரியில் பாதிக்குமேல் அப்படித்தான் இருக்கிறது. சீட்டு ஒழுங்காக இருந்தால் லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் லைக்கன் பார்ப்பவர்களிடம் அனுப்பிக் கேட்கலாம். அனுப்பும்போது மாதிரியில் பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பாதியிலும் ஒரே எண்ணை எழுத மறக்காதீர்கள்.